ட்யூன் செய்த காருக்கு கூலிங் செட்டிங்: பெங்களூரு டிராஃபிக்கில் பலர் செய்யும் தவறுகள்

ஸ்டேஜ் 1 ரீமேப் (பவர் கூட்ட, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவின் சாஃப்ட்வேரை மாற்றுவது) போட்ட கையோடு எல்லாரும் கேட்கிற அடுத்த கேள்வி, "இன்ஜினை இன்னும் கூலா வெச்சுக்க என்ன பண்ணலாம்?" பூஸ்ட் (டர்போ காற்றை இன்ஜினுக்குள் தள்ளும் அழுத்தம்) ஏறினால் சூடும் ஏறும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தக் கூடுதல் சூடு ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதிக்கும்போது மட்டும்தான் வரும். சில்க் போர்டு ஜாமில் ஐடிலில் நிற்கும்போது ரீமேப் போட்ட வண்டிக்கும் போடாத வண்டிக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே ஜாமில் டெம்பரேச்சர் முள் ஏறினால் ட்யூனரைத் திட்டுவதற்கு முன் ஃபேனையும் காற்று வரும் வழியையும் பாருங்கள்.

முதல் தவறு, தெர்மோஸ்டாட்டில் (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வு) கை வைப்பது. "அதைத் தூக்கிடலாம் சார், நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு அது?" என்று இன்றும் சொல்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். தூக்கிவிட்டால் டிசம்பர் காலையில் 16 டிகிரி குளிரில் இன்ஜின் சூடேறவே நேரம் பிடிக்கும். கூலன்ட் 70, 80 டிகிரியைத் தொடும்வரை ஈசியூ இன்ஜின் குளிர்ந்திருப்பதாக எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் போகும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். வேடிக்கை என்னவென்றால், சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் பைபாஸ் வழி மூடாமல் போய், கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி, வண்டி இன்னும் சூடாகும். டிராக் வண்டிக்காரர்கள் போடும் 71 டிகிரி தெர்மோஸ்டாட்டும் ஆபீஸ் போய்வரும் வண்டிக்கு வேண்டாம். பி-0128 எரர் வந்தால், கூலன்ட் வரவேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். அதை ட்யூனில் மறைக்கச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு.

அதிகம் குழப்பம் நடக்கிற இடம் ஃபேன் செட்டிங். சூடு எதற்குக் கீழே இறங்கக்கூடாது என்பதைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். எதற்கு மேலே ஏறக்கூடாது என்பதுதான் ஃபேனின் வேலை. 88 டிகிரியில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட்டை வைத்துக்கொண்டு ஃபேனை 85-ல் ஓட விட்டால் என்ன ஆகும்? ரேடியேட்டருக்குக் கூலன்ட் சரியாக வந்துசேரும் முன்பே ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். சூடு 85-க்குக் கீழே இறங்கவும் போவதில்லை, ஃபேன் நிற்கவும் போவதில்லை. பெரிய ஃபேன் ஃபுல் ஸ்பீடில் 20, 30 ஆம்பியர் வரை இழுக்கும். மழைநாள் இரவில் ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓட, ஐடிலில் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் திணறும். கடைசியில் பேட்டரி மேல் பழி விழும்.

பொதுவாக ஃபேனின் முதல் ஸ்பீடு தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்கு 6, 8 டிகிரி மேலே இருப்பது நல்லது. 88 தெர்மோஸ்டாட் என்றால் 95-ஐ ஒட்டி ஃபேன் ஓடத் தொடங்கி, 91-க்கு வந்ததும் நிற்கலாம். இரண்டாவது ஸ்பீடு 101, 102 வாக்கில். ஆனுக்கும் ஆஃபுக்கும் நடுவே 4 டிகிரியாவது இடைவெளி வேண்டும். ஒரு டிகிரி வைத்தால் ஃபேனை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே நாள் முழுக்க டிக்டிக் என்று அடித்துச் சீக்கிரம் போய்விடும். இது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. எலக்ட்ரானிக் தெர்மோஸ்டாட் உள்ள பிஎம்டபிள்யூ போன்ற வண்டிகள் நிதானமாக ஓடும்போது 105 வரை வேண்டுமென்றே ஏற்றி, மிதித்தால் தாங்களே இறக்கிக்கொள்ளும். அங்கே 105-ஐப் பார்த்துப் பதறினால் கம்பெனி செட்டிங்கைக் கெடுத்ததுதான் மிச்சம்.

இதையெல்லாம் டேஷ்போர்டு முள்ளை நம்பிச் செய்யாதீர்கள். பல கார்களில் அந்த முள் ஓட்டுகிறவரைப் பயமுறுத்தாதபடி அமைக்கப்பட்டது. ஃபோக்ஸ்வேகன் வண்டிகளில் அசல் சூடு 80 ஆனாலும் 100 ஆனாலும் முள் 90-லேயே அசையாமல் நிற்கும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் ஒரு சின்ன ரீடரைச் செருகி போனில் பார்த்தால் தெரிந்துவிடும்: சிக்னலில் 93, 94, 95, ஃபேன் சத்தம், திரும்ப 92, 91, நிசப்தம். இப்படி ஏறி இறங்கினால் சிஸ்டம் நன்றாக இருக்கிறது.

அடுத்தது ஊருக்குப் போகும் பயணம். பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். இங்கே ஜனவரியில் போட்ட ட்யூன் சித்திரை வெயிலில் சேலத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் யோசிப்பதில்லை. திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் நாலு பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி, முழு பூஸ்ட். உள்ளே இழுக்கும் காற்று சூடானால் ஈசியூ தன்னிடமுள்ள ஒரு டேபிளைப் (அட்டவணை) பார்த்து இக்னிஷனை, அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது) வராமல் காப்பாற்றும். அப்போது பவர் குறைந்த மாதிரி தெரியும். "அந்த டேபிளைப் பூஜ்யம் ஆக்கிடுங்க" என்று ட்யூனரிடம் கேட்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். பிஸ்டன் போகும்.

மூடி விஷயம். ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் மாதிரி; அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். பெங்களூரில் வெறும் தண்ணீர் 97 டிகிரிக்கே கொதிக்கும். அதற்காக 1.1 பார் மூடியை எடுத்துவிட்டுப் பெரிய மூடி போட்டால், பத்து வருஷப் பிளாஸ்டிக் டேங்கும் பழைய ஹோஸும்தான் முதலில் கைவிடும். இருக்கிற மூடியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கூலன்ட்டை கலர் பார்த்து வாங்காமல் மேனுவலில் சொன்ன தரத்தைப் பார்த்து வாங்குங்கள். கலக்க டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் கூடாது.

பெரிய இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) போட்டவர்கள் கவனிக்க: அது ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து காற்றை மறிக்கும். இடம் போதவில்லை என்று ஃபேனைச் சுற்றியுள்ள கவசத்தைக் கழற்றி வீசினால், ஃபேன் தன்னைச் சுற்றியுள்ள காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். வேகம் 70-ஐத் தாண்டினால் காற்றே வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஜாமில் ஃபேனும் கவசமும்தான் எல்லாம்.

ஃபேன் இரண்டாவது ஸ்பீடுக்குப் போயும் சூடு இறங்கவில்லையா? ட்யூனை மாற்ற லேப்டாப்பைத் திறக்கும் முன் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். அவுட்டர் ரிங் ரோடு தூசியும் ஓசூர் ரோடு பூச்சியும் அங்கே அப்பிக்கிடக்கும். மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரஷர் கன்னைக் கிட்டே பிடித்தால் ரேடியேட்டரின் ஃபின் (மெல்லிய தகடு) மடங்கிவிடும்.