மேரி லிங்கனைப் பற்றி எழுத உட்காரும் முன்

ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரியைப் பற்றி எழுத வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வார்த்தைகளோடு வருகிறார்கள்: ஊதாரி, பைத்தியம். என் முதல் பிரதியும் அப்படித்தான் இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதியபோது எனக்குப் பிடிபட்ட வழியைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளில் சாவுகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள். 1850: எட்டி, நாலு வயதுகூட நிரம்பவில்லை. 1862: வில்லி, 11 வயது, வெள்ளை மாளிகையிலேயே, காய்ச்சலில். 1865 ஏப்ரல் 14: ஃபோர்டு அரங்கில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரின் தலையில் குண்டு. 1871: டாட், 18 வயது. நாலு பிள்ளைகளில் மிஞ்சியவர் மூத்தவர் ராபர்ட் மட்டும். இந்தத் தாள் கண்ணெதிரே இருக்கட்டும். எனக்கு வேலை முடியும்வரை அது மேசையை விட்டு நகரவில்லை.

பிறகு பணம். வெள்ளை மாளிகையைப் புதுப்பிக்க ஒதுக்கிய 20,000 டாலரை அவர் தாண்டினார், அதுவும் உள்நாட்டுப் போர்க்காலத்தில். அவர் மேல் பரிவு வந்துவிட்டது என்பதற்காக இதை மறைக்காதீர்கள். அதே சமயம், 1867-இல் அவர் தன் பழைய உடைகளை விற்க நியூயார்க் போனதையும், பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டதையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பயணத்தில் துணை நின்றவர் எலிசபெத் கெக்லி. அடிமையாகப் பிறந்து, 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் மகனையும் மீட்டுக்கொண்ட தையல்காரர். அவருக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் 1875 மே 19, சிகாகோ நீதிமன்றம். தாய்க்கு மனநிலை சரியில்லை என்று மனு போட்டவர் ராபர்ட். மேரிக்கு விஷயம் தெரிந்ததே அன்றுதான். அவர் பக்கம் ஒரு சாட்சியும் நிறுத்தப்படவில்லை. ஓட்டலில் தங்கியிருப்பவர் திரைச்சீலை வாங்கிக் குவிக்கிறார், மாட்ட வீடு ஏது என்று கேட்டார்கள். கடன்பத்திரங்களை உடைக்குள் தைத்து வைத்திருந்தார். இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். அந்தத் திரைச்சீலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வீட்டில் ஒவ்வொருவராகப் போன பிறகும் ஒருத்தி ஜன்னலுக்குத் துணி வாங்குகிறாள் என்றால், அதை நோய் என்று மட்டுமா படிப்பீர்கள்? ஆண்கள் 12 பேர் கொண்ட ஜூரி அப்படித்தான் படித்தது. என்னால் முடியவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு அடைக்கப்பட்ட படேவியா மனநல விடுதியில் மேரி கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மைரா பிராட்வெல்லின் உதவியை நாடினார். சட்டம் படித்துத் தேர்வான பிறகும், பெண் என்பதால் வக்கீல் உரிமம் மறுக்கப்பட்டவர் மைரா. அவர் எழுப்பிய சத்தத்தில் நாலு மாதத்துக்குள் மேரி வெளியே வந்தார். 1876-இல் இன்னொரு ஜூரி அவருக்கு மனநலம் திரும்பிவிட்டதென்று சொன்னது. அதன் பின் பிரான்சில் போ என்ற ஊரில் தனியாகக் கழிந்த வருஷங்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

கடைசிப் பத்தியை ஸ்பிரிங்ஃபீல்டில், அக்கா எலிசபெத் எட்வர்ட்ஸின் வீட்டுக்குள் வையுங்கள். 1842 நவம்பர் 4-இல் அந்த வீட்டில்தான், ‘அன்பு நிரந்தரம்’ என்ற பொருளில் எழுத்துப் பொறித்த மோதிரத்தைத் திருமணத்தில் லிங்கன் மேரிக்கு அணிவித்தார். 1882 ஜூலை 16-இல் அவர் இறந்ததும் அதே வீட்டில்தான்.