பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டு விநியோகத்தை நடத்துவது எப்படி?

2022 ஜூன் இறுதியில் இலங்கையில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாயானது. அடுத்த நாளே, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. பின்னர், ஒவ்வொரு வாகனத்துக்கும் வாராந்த எரிபொருள் அளவை வரையறுத்த கியூஆர் குறியீட்டு முறை வந்தது. அதில் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் கிடைத்தன. 2023 செப்டம்பரில் அம்முறை கைவிடப்பட்டாலும், மீண்டும் அப்படி ஒரு நிலை வந்தால் சிறிய சாப்பாட்டுக் கடைகள் என்ன செய்யலாம் என்பதற்கு அந்த 4 லீற்றரே நல்ல கணக்கு.

நகர நெரிசலில் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வண்டி என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 180 கிலோமீற்றர் ஓடலாம். ஊழியரின் வீடு 10 கிலோமீற்றர் தொலைவில் இருந்தால், ஆறு நாள் வேலைக்கு வந்து போகவே 120 கிலோமீற்றர் செலவாகிவிடும். மீதி 60 கிலோமீற்றரில், போய்வர 6 கிலோமீற்றர் ஆகும் பார்சல்களில் பத்தைத்தான் கொடுக்க முடியும். வீடு 2 கிலோமீற்றரில் உள்ளவரோ அதே பெற்றோலில் இருபத்தாறு பார்சல் கொடுப்பார். ஆகவே ஆள் சேர்க்கும்போது அனுபவத்தைக் கேட்பதற்கு முன் முகவரியைக் கேளுங்கள். தூரத்தில் இருப்பவரை நிறுத்திவிட வேண்டியதில்லை. வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸிலோ ரயிலிலோ வந்துபோகச் சொல்லி, கட்டணத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அவருடைய 4 லீற்றரும் தொழிலுக்கே மிஞ்சும்.

அடுத்தது வரிசை. கியூஆர் முறையின் தொடக்கத்தில் வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பொறுத்தே பெற்றோல் போடும் நாள் அமைந்தது. எல்லா ஊழியர்களின் எண்களும் ஒரே பிரிவில் இருந்தால், எல்லாரும் ஒரே நாளில் வரிசையில் நிற்க, கடையில் பார்சல்கள் ஆறிப்போகும். ஆகையால் வெவ்வேறு பிரிவுகளில் உள்ளவர்களை வைத்துக்கொள்வதும், வரிசையில் கழியும் நேரத்துக்கும் சம்பளம் கொடுப்பதும் அவசியம். அந்த நேரம் கூலியில்லாமல் கழிந்தால் ஊழியர் வேறு வேலை தேடிப் போவார். அதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு ஓட்டம் என்ற பழக்கத்தை விட்டு, மதியம் ஒரு தடவை, இரவு இரண்டு தடவை என நேரம் குறித்து, கடை கொழும்பில் என்றால் வெள்ளவத்தைக்கு ஒரு சுற்று, தெகிவளைக்கு ஒரு சுற்று என அனுப்புங்கள். இரண்டு கிலோமீற்றருக்குள் சைக்கிள் போதும்; காலி வீதியோரம் மேடு அதிகமில்லாததால் இடியப்பப் பார்சல் சூடு தணியாமல் போய்ச் சேரும்.

போத்தலில் விற்கப்படும் பெற்றோலை வாங்காதீர்கள். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் இயந்திரம் பழுதாகி, பெற்றோலோடு வண்டியும் இல்லாமல் போகும். கிடைத்ததைக் கேனில் ஊற்றிக் காஸ் அடுப்பு எரியும் சமையலறையில் வைப்பது அதைவிட ஆபத்தானது. வண்டியின் தாங்கியிலேயே இருக்கட்டும்.