வோல்கா கீஸ்: முதலில் ஓட விடுங்கள், பிறகு திருகுங்கள்

புதிதாக சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி) வாங்கியவர்கள் ஒரு கையால் விசையை அழுத்திக்கொண்டு, மறு கையால் கண்ட குமிழையெல்லாம் திருகிக்கொண்டிருப்பார்கள். எது எதை மாற்றியது என்று கடைசிவரை பிடிபடாது. சீக்வென்சர் (பதிந்த ஸ்வரங்களைத் தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் பகுதி) இருந்தால் வாசிக்கிற வேலையை அதன் தலையில் கட்டிவிடலாம். நான்கு ஸ்வரங்கள் சுற்றிச் சுற்றி ஒலிக்கட்டும். நம் இரண்டு கையும் காதும் ஒலியைக் கவனிக்கட்டும்.

உதாரணத்துக்கு கோர்க் நிறுவனத்தின் வோல்கா கீஸை எடுத்துக்கொள்கிறேன். 2013இல் வந்த சிறிய அனலாக் கருவி. ஒரே நேரத்தில் 3 ஸ்வரங்கள், 27 தொடுவிசைகள், 16 ஸ்டெப் சீக்வென்சர். 6 ஏஏ பேட்டரியில் ஓடும்; 9 வோல்ட் அடாப்டரைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறது, ஆனால் கீழ்ஸ்தாயி அதில் எடுபடாது. ஹெட்போன் நல்லது. வால்யூமை மட்டும் குறைத்தே வையுங்கள்.

1. எல்லாவற்றையும் அடக்குங்கள்

வாய்ஸ் குமிழ் பாலியில் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் நிலை), ஆக்டேவ் (ஸ்தாயி) நடுவில். டீட்யூன், போர்ட்டமென்டோ, பீக், இரண்டு ஈ.ஜி. இன்ட் (ஈ.ஜி. என்பது ஸ்வரம் எழுந்து தேயும் வடிவம்; இன்ட் என்பது அதன் அளவு), எல்.எஃப்.ஓ.வின் (ஒலியை மெதுவாக அசைக்கும் அலை) பிட்ச் இன்ட், கட்டாஃப் இன்ட், டிலே (எதிரொலி) ஃபீட்பேக் என்ற குமிழ்களெல்லாம் பூஜ்யம். அட்டாக்கும் பூஜ்யம். கட்டாஃபும் சஸ்டெய்னும் முழுசாக. இப்போது ஒரு விசையைத் தொட்டால் எந்த ஒப்பனையும் இல்லாத, கொஞ்சம் கரகரப்பான ஒலி வரும். அதுதான் நம் மூலப்பொருள்.

2. நான்கு ஸ்வரங்களைப் பதியுங்கள்

டெம்போ 80, அதாவது நிமிடத்துக்கு 80 அடி. 16 ஸ்டெப் என்பது நான்கு அடிகள், அடிக்கு நான்கு ஸ்டெப். இந்த வேகத்தில் ஒரு சுற்றுக்கு 3 வினாடி. பிளே அழுத்துங்கள், அப்புறம் ரெக் (பதிவு). ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஸ்வரம் வாசியுங்கள். கை கொஞ்சம் முன்பின் போனாலும் அருகிலுள்ள ஸ்டெப்பில் கருவியே பொருத்திவிடும். உங்கள் கைநடை அப்படியே பதிய வேண்டுமென்றால் ஃப்ளக்ஸ் இருக்கிறது. ஆரம்பத்தில் அது வேண்டாம். சொதப்பினால் ஃபங்க் பட்டனை அழுத்தியபடி கிளியர் விசையைத் தட்டி, மறுபடி ஆரம்பியுங்கள்.

3. ஃபில்டர்

ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டுவது ஃபில்டர். இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். பதிந்த லூப் (சுற்று) ஓடட்டும். கட்டாஃபை மெல்லக் குறையுங்கள்: உயர் அதிர்வெண்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, ஒலி மங்கி, கடைசியில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். பாதியில் நிறுத்தி பீக்கை ஏற்றுங்கள். கட்டாஃப் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு விசில் போன்ற கூர்மை எழும். வால்யூமைக் குறைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சரி, இப்போது கட்டாஃபைக் கால்வாசிக்கு இறக்கி, ஃபில்டர் பகுதியிலுள்ள ஈ.ஜி. இன்ட்டைப் பாதி ஏற்றி, சஸ்டெய்னைப் பூஜ்யமாக்கி, டிகே/ரிலீஸை மட்டும் முன்னும் பின்னும் திருகுங்கள். வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி சட்டென எழுந்து தானாகத் தேயும். அந்தத் தேய்வின் நீளம் இந்தக் குமிழில் இருக்கிறது. சஸ்டெய்னை ஏற்றினால் விரலை எடுக்கும்வரை ஒலி நிற்கும். அட்டாக்கைக் கூட்டினால் ஸ்வரம் மெதுவாக எழும். இந்த மூன்றும் காதில் தெளிவாகும்வரை டிலே பக்கம் போகாதீர்கள். டிலே எந்த ஒலியையும் அழகாக்கிக் காட்டிவிடும், அதனால் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போய்விடும்.

4. குமிழின் அசைவையும் பதியலாம்

லூப் ஓடும்போது ரெக் அழுத்தி, கட்டாஃபை ஒரு சுற்று முழுக்கத் திருப்புங்கள். அடுத்த சுற்றிலிருந்து அந்த அசைவைக் கருவி தானே செய்யும். இதற்கு மோஷன் சீக்வென்ஸ் என்று பெயர்.

5. 16ஐ உடையுங்கள்

ஆக்டிவ் ஸ்டெப் என்ற வசதியில் அணைத்துவிட்ட ஸ்டெப்களைக் கருவி தாண்டிப் போகும். கடைசி இரண்டை அணைத்தால் 14: இரண்டிரண்டாக எண்ணினால் 7, மிஸ்ர சாபு தாளம் வந்துவிட்டது. ஆறை அணைத்தால் 10, அதாவது இரண்டிரண்டாக 5: கண்ட சாபு. தாளம் போடத் தெரிந்தவர்கள் இந்த வசதியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

பிடித்தது கிடைத்தால் ஃபங்க்கும் மெமரியும் சேர்த்து அழுத்தி, 8 இடங்களில் ஒன்றில் சேமியுங்கள். எல்லாக் குமிழ்களின் நிலையும் அதில் சேரும் என்று நம்பியிருக்காமல், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வோல்கா இருந்தால் இதன் சிங்க் அவுட்டையும் அதன் சிங்க் இன்னையும் 3.5 மி.மீ. கேபிளால் இணையுங்கள். இரண்டாவதில் முதலில் பிளே அழுத்தி வையுங்கள், அது காத்திருக்கும். பிறகு இதில் பிளே அழுத்தினால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும். மிடி (கருவிகளும் கணினியும் ஸ்வரத் தகவலைப் பரிமாறும் இணைப்பு) இன் மட்டும்தான் உண்டு, அவுட் இல்லை. கணினியிலிருந்து இதை வாசிக்கலாம். இதன் விசைகளால் கணினியை வாசிக்க முடியாது.