மேச்சேரி ஆட்டுக்கறியைக் கம்பியில் கோத்துச் சுடும் முறை

கபாப் என்னும் பெயர் அரபு, பாரசீக வழியில் வந்ததே எனினும், இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைப் பொருநராற்றுப்படை அன்றே பேசியிருக்கிறது.

சேலம் மாவட்டத்துக்குப் புகழ் தரும் மேச்சேரிச் செம்மறியின் தொடைக்கறி அரை கிலோ வாங்கி, சவ்வை நீக்கி, ஓர் அங்குலத் துண்டுகளாக்கி, கெட்டித்தயிர், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, ஒன்றிரண்டாகத் தட்டிய ஏற்காட்டு மிளகு ஆகியவற்றில் நான்கு மணி நேரம் ஊறவிட வேண்டும். கறி மெத்தென்றாகச் சேர்க்கும் பப்பாளிக்காய் விழுது ஒரு தேக்கரண்டியைத் தாண்டினால் கறி கூழாகிவிடும்.

கரியின் மேல் வெண்சாம்பல் படர்ந்த பின்னரே கம்பிகளை வைத்து, கொழுப்பு சொட்டித் தீ எழும்பும்போதெல்லாம் ஓரத்துக்கு நகர்த்தித் திருப்ப வேண்டும். கருகலைச் சுவை என்று கொண்டாடுவோர் கூட்டத்தில் நான் இல்லை.

கொழுப்பு நீக்கிய 100 கிராம் பச்சைக்கறியில் ஏறத்தாழ 20 கிராம் புரதமும், உடல் எளிதில் ஏற்கும் இரும்புச்சத்தும், துத்தநாகமும், பி12 வைட்டமினும் உண்டு.