கறியைக் குறைக்கிறவர்கள் தட்டிலும் அஞ்சறைப் பெட்டியிலும் செய்யும் தவறுகள்

புரட்டாசி பிறந்தால் கறிக்கடைகளில் கூட்டம் குறையும். கார்த்திகையில் மாலை போட்ட வீடுகளில் இன்னொரு சுற்று. அசைவம் இல்லாமல் ஒரு மாதம் இருப்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அதனால் டாக்டர் "கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது, மட்டனைக் குறையுங்கள்" என்றால், பலரும் பெரிய போராட்டம் இல்லாமலே குறைத்துவிடுகிறார்கள். குறைப்பதற்குக் காரணமும் வலுவானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆடு, மாடு, பன்றி இறைச்சியை, உண்டாக்கக்கூடும் என்ற அடுத்த பிரிவில் வைத்தது.

சிக்கல் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. கறி போன இடத்தில் என்ன வைப்பது என்று யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நாளாக நாளாகக் களைப்பு வருகிறது, முடி கொட்டுகிறது, கால் மரத்துப்போகிறது. உடனே பீட்ரூட் ஜூஸ், தேனில் ஊறிய பேரீச்சை, வெந்தயத் தண்ணீர் என்று சமையலறை வைத்தியம் ஆரம்பமாகிறது. சாப்பாட்டில் விழுந்த ஓட்டையைக் கைவைத்தியம் மூடி மறைத்துவிடுகிறது. கறியைக் குறைப்பது, கைவைத்தியம் இரண்டும் நல்ல பழக்கங்கள்தான். ஆனால் இரண்டையும் அளவும் எல்லையும் தெரியாமல் சேர்த்துச் செய்யும்போதுதான் ஆபத்து.

கறி போன இடத்தில் சோறு ஏறுவது

இதுதான் முதல் தவறு, மிகப் பரவலான தவறும்கூட. கோழிக்குழம்பு இருந்த நாளில் ஒரு தட்டு சோறு போதும். சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் இருக்கும் நாளில் இரண்டு தட்டு போகும். மாவுச்சத்து இரட்டிப்பாகிறது, புரதம் பாதியாகிறது. சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் கறியை விட்ட பிறகு சர்க்கரை ஏறிவிட்டது என்று திகைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்கிறது. 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். நூறு கிராம் கோழிக்கறியில் 20 கிராமுக்கு மேல் கிடைத்துவிடும். நம் வீட்டுத் தண்ணிச் சாம்பாரில் ஒரு கிண்ணத்துக்கு மூன்று நான்கு கிராம் தேறினால் பெரிது. சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்ற நிம்மதியில் பல குடும்பங்கள் புரதமே இல்லாமல் வாரங்களை ஓட்டுகின்றன.

ஈடு செய்வது கடினமில்லை. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். கெட்டிப் பருப்புக் கடைசல், பாசிப்பயறு, தட்டைப்பயறுக் குழம்பு, தயிர் எல்லாமே உதவும். மீல் மேக்கர் காய்ந்த எடையில் பாதிக்குப் பாதி புரதம். புரதம் பல அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. நம் பொங்கலும் அடையும் இந்த விதத்தில் மிக நல்ல உணவுகள். அடைக்கு மட்டும் பருப்பைத் தாராளமாகப் போடுங்கள்.

குறைப்பது என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டுக்கறியை மாதம் ஒருமுறை என்று ஆக்கிவிட்டு, முட்டையையும் மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களையும் வைத்துக்கொள்ளலாம். மத்தி மீனில் இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது, விலையும் பெரும்பாலும் கைக்கு அடக்கம். வறுக்காமல் குழம்பாகச் சாப்பிட்டால் இன்னும் நல்லது. காலிபிளவர் 65, மீல் மேக்கர் 65, பன்னீர் பட்டர் மசாலா என்று மாறுவதில் இதயத்துக்கு எந்த லாபமும் இல்லை.

பி12: சத்தமில்லாமல் குறைவது

பி12 வைட்டமின் இயற்கையில் விலங்கு உணவுகளில்தான் நம்பத்தகுந்த அளவில் கிடைக்கிறது. கறி, மீன், முட்டை, பால், தயிர். இட்லி மாவு புளிப்பதால் பி12 வந்துவிடும் என்றும், ஸ்பைருலினா மாத்திரையில் இருக்கிறது என்றும் சொல்வார்கள். இரண்டையும் நம்பாதீர்கள். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம்.

ஈரல் இந்த வைட்டமினை ஆண்டுக்கணக்குக்குச் சேமித்து வைக்கிறது. அதனால் அசைவத்தை விட்ட முதல் வருடம் எதுவும் தெரியாது. "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று தைரியமாக இருப்பார்கள். பிறகு மெதுவாகப் பாதத்தில் எறும்பு ஊர்வது போல, உள்ளங்கையில் மதமதப்பு, நடையில் தடுமாற்றம், மறதி. வயதானவர்களிடம் இதை முதுமை என்று ஒதுக்கிவிடுகிறோம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் குறை இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் அந்த மாத்திரை பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. இதில் ஒரு பொறியும் உண்டு. ஃபோலிக் அமில (இன்னொரு பி வைட்டமின்) மாத்திரையை மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், உள்ளே நரம்புச் சேதம் தொடரும்.

டீயில் ஊற்றும் பால் இந்தக் கணக்கில் வராது. அரை லிட்டர் பாலோ தயிரோ தினமும் சேராதவர்கள், ரத்தத்தில் பி12 அளவை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. குறைந்தால் மாத்திரையோ ஊசியோதான் மருந்து. அஞ்சறைப் பெட்டியில் இதற்கு எதுவும் கிடையாது.

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊற வைக்காது

2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அந்த நிலையில் கறியையும் ஈரலையும் விட்டுவிட்டு பீட்ரூட்டை நம்புவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புச்சத்துகூட முழுதாக இல்லை. பேரீச்சையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் பெண்களுக்குச் சொன்ன தினசரி அளவு 29 மில்லிகிராம்.

காய்கறி, தானியங்களில் இருக்கும் இரும்பை உடல் கறியில் இருப்பதைப் போல எளிதாக எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி சேர்ந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். கீரை, பயறு, கம்பு சாப்பிடும்போது எலுமிச்சை பிழியுங்கள், கொய்யாவோ நெல்லிக்காயோ கூட வையுங்கள். டிபனோடு காபி, சாப்பிட்ட கையோடு டீ என்ற பழக்கம்தான் கெடுக்கிறது, அவற்றில் உள்ள பொருட்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ ஹீமோகுளோபின் குறைந்தால் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லி நிறுத்தக் கூடாது. குடலில், வயிற்றில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும்.

கைவைத்தியம் எங்கே நிற்க வேண்டும்

மிளகு ரசம், சுக்குக் கஷாயம், ஓமத் தண்ணீர் எல்லாம் எனக்கும் பிடித்தவை. ஜலதோஷத்துக்கு அவை இதம் தரும். தேன் இருமலைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரமே இருக்கிறது. இஞ்சி குமட்டலைக் குறைக்கும். இவற்றைச் செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது பலிக்காமல் போனால் என்ன ஆகும்? ஜலதோஷமென்றால் ஒரு வாரம் மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தால், காசநோய் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் பரவ நேரம் கொடுக்கிறோம். இரண்டு வார இருமல் என்றால் சளிப் பரிசோதனை என்பது அரசின் விதி, அரசு மருத்துவமனையில் இலவசம்.

நெஞ்சுவலி இன்னும் மோசம். "வாயுப் பிடிப்பாக இருக்கும்" என்று பூண்டைச் சுட்டுக் கொடுப்பதும், பெருங்காயத்தை மோரில் கலக்குவதும், சோடா வாங்க ஓடுவதும் எத்தனை வீட்டில் நடக்கிறது! நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல் என்றால் மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வெறும் நெஞ்செரிச்சல் போலவும் வரும். அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்க ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். 108-ஐ அழையுங்கள். வாயு என்பதை ஈ.சி.ஜி. எடுத்த பிறகு முடிவு செய்யலாம்.

தீக்காயத்தில் இட்லி மாவு, பேனா மை, பற்பசை பூசுவது நின்றபாடில்லை. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். புளித்த மாவில் கிருமி இருக்கும், டாக்டர் புண்ணின் ஆழத்தைப் பார்ப்பதற்கும் அது தடை.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. பிறந்ததும் சேனை வைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். உரைமருந்தில் வரும் வசம்பையும் நான் ஆதரிக்க மாட்டேன். அதிலுள்ள அசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்.

உணவாக இருந்தது டம்ளர் கணக்கில் போகும்போது

கேரளத்தில் இரும்பன்புளி என்று ஒரு காய் உண்டு, பிலிம்பி என்றும் சொல்வார்கள். மீன் குழம்பில் புளிப்புக்கு இரண்டு மூன்று போடுவார்கள், ஒன்றும் செய்யாது. அதையே கொலஸ்ட்ரால் குறையும் என்று சாறு பிழிந்து குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது. அங்குள்ள ஐந்து மருத்துவமனைகளில் பார்த்த பத்துப் பேரைப் பற்றி 2013-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். காயில் உள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்ததுதான் காரணம். நட்சத்திரப் பழமும் இதே குடும்பம். சிறுநீரகம் பழுதானவர்கள் அதைத் தொடவே கூடாது, மூளையையும் தாக்கும்.

சுரைக்காய் சாறும் அப்படித்தான். 2010-ல் டெல்லியில் ஒருவர் கசந்த சாற்றைக் குடித்து இறந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்தது. சாறு பிழியும் முன் சிறு துண்டை வாயில் வைத்துப் பாருங்கள், கசந்தால் எறிந்துவிடுங்கள்.

சமையலில் போடும் மஞ்சள் பிரச்சினை இல்லை. மஞ்சளின் சத்தான குர்குமினை மிளகுச் சத்தோடு அடைத்து விற்கும் மாத்திரை வேறு விஷயம், அதனால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள். பட்டையிலும் கவனம் வேண்டும். நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா வகை, அதில் ஈரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் அதிகம். சர்க்கரைக்காகத் தினமும் ஸ்பூன் கணக்கில் தின்பவர்கள் யோசிக்க வேண்டும். இலங்கைக் கறுவாப்பட்டை மெல்லிய தாள்களைச் சுருட்டியது போல இருக்கும், அதில் கூமரின் மிகக் குறைவு.

வெந்தயம் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வில் தினம் 25 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள், அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. நாம் இரவில் ஊறவைக்கும் ஒரு தேக்கரண்டியை நம்பி மாத்திரையை நிறுத்துவது தவறு. மாத்திரையோடு நிறையச் சேர்த்தால் சர்க்கரை கீழே இறங்கி, வியர்த்து நடுங்கவும் வைக்கலாம். இதய வால்வு மாற்றி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கறியை விட்ட உற்சாகத்தில் தினமும் கீரை என்று மாறினால் மருந்தின் வேகம் குறையும், கீரையில் உள்ள வைட்டமின் கே அதற்கு எதிராக வேலை செய்கிறது. டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். சிறுநீரக நோயாளிகள் இளநீர், வாழைத்தண்டுச் சாறு விஷயத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டும், பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு குழம்பும்.

சமையலறையில் இருக்கும் நிஜமான உயிர்காப்பு

1971-ல் வங்கதேசப் போரின் அகதிகள் தங்கிய மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைக் கொடுத்து ஏராளமானோரைக் காப்பாற்றினார். வயிற்றுப்போக்கில் உடல் வற்றிப்போகாமல் காக்கும் அந்த மருந்து (ஓ.ஆர்.எஸ். என்பது இதுதான்) நம் அடுப்படியில் இருக்கிறது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணால் அளந்து போடாதீர்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, குறைந்தால் பலன் இல்லை. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. ஓ.ஆர்.எஸ். பெயரைப் போட்டு அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்கள் வேண்டாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை போட்டது.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குச் சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்துவது பெரிய தவறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு துத்தநாக மாத்திரையும் தருவார்கள், போக்கு நின்ற பிறகும் அதை 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும். கண் குழி விழுந்தாலும், ஆறு மணி நேரம் சிறுநீர் வராவிட்டாலும், மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.