பாறைப் படைகளுக்குப் பெயரும் வயதும்: வரைபுத்தாளில் ஒரு நிரல்

பாறைப் படைகள் எதன்மேல் எது கிடக்கிறது என்று வரைந்து காட்டும் படம்தான் நிரல். படைகளுக்கு வயது போட எரிமலைச் சாம்பல் உதவும், வன்னியிலோ அப்படிச் சாம்பல் படை கிடையாது. அதனால் எதியோப்பியாவின் அபார் பாலைவனப் பள்ளத்திலுள்ள ஹடாரை எடுத்துக்கொள்வோம். 1974இல் லூசி என்று பெயரிடப்பட்ட ஆதி மனித மூதாதையின் எலும்புகள் கிடைத்த இடம் அது.

வரைபுத்தாள், அடிமட்டம், கலர் பென்சில் போதும். மென்பொருள் வேண்டாம், கையால் வரைந்தால்தான் எதன்மேல் எது கிடக்கிறது என்பது மனதில் நிற்கும். கீழிருந்து மேலே வரையுங்கள்.

அப்புறம் பெயர். பாறை நன்றாக வெளித்தெரியும் இடத்தின் பெயரோடு தரத்தைச் சேர்ப்பார்கள்: பெரிய தொகுதி ஃபோமேஷன், அதன் உட்பிரிவு மெம்பர். மொத்தமும் ஹடார் ஃபோமேஷன். அதற்குள் கீழிருந்து பேசல் (அடியிலுள்ளது என்று பொருள்), சிடி ஹகோமா, டெனென் டோரா, கடா ஹடார் என்று நாலு மெம்பர். பேசல் தவிர மற்றவை ஒவ்வொன்றும் ஒரு சாம்பல் படையோடு தொடங்குகின்றன. எனவே எல்லைக் கோட்டைச் சாம்பலின் அடியில் போடுங்கள், மேலே அல்ல.

இனி வயது. அதிகம் பேர் தடக்குப்படுவது இங்கேதான். மணலையும் களியையும் நேரே அளந்து பயனில்லை. அந்த மணிகள் வேறெங்கோ கிடந்த பழைய பாறையிலிருந்து அரித்து வந்தவை. சாம்பலிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிமத்தின் பளிங்குகளோ வெடிப்போடு வந்தவை. அவற்றுள் பொற்றாசியம்-40 என்ற கதிரியக்க அணு சிதைந்து ஆகன்-40 வாயு சேர்கிறது, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை வைத்து வயதைக் கணிக்கிறார்கள். அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 125 கோடி ஆண்டு. இப்படிப் பார்த்ததில் சிடி ஹகோமா சாம்பலுக்கு ஏறத்தாழ 34 லட்சம் ஆண்டு, கடா ஹடார் சாம்பலுக்கு 32 லட்சம். இடையில் கிடக்கும் எலும்பு இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது, அவ்வளவுதான். சரிநடுவில் கிடக்கிறதே என்று 33 போடாதீர்கள். ஒரு மாரி வெள்ளம் குளத்தில் சேர்க்கும் வண்டலை நாலு வறண்ட வருசம் சேர்க்காது.

சாம்பலும் ஏமாற்றும். கென்யாவில் துர்க்கானா ஏரிக்கரையிலுள்ள கேபிஎஸ் என்ற சாம்பல் படைக்கு முதலில் 26 லட்சம் என்றார்கள். பன்றிப் புதைபடிவங்கள் அதோடு ஒத்துப்போகவில்லை. பழைய பளிங்குகள் கலந்திருந்ததுதான் காரணம். இப்போது ஏறத்தாழ 19 லட்சம். பளிங்கு பளிங்காக லேசரால் உருக்கி அளந்த எண் கிடைத்தால் நான் வேறெதையும் எடுப்பதில்லை.

பிற்சேர்க்கை: நம்மூர்ப் பாறைக்கும் இப்படி வரையலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். வவுனியாப் பக்கத்துக் கருங்கல்லுக்கு முடியாது. அது ஆழத்தில் வெந்து மடிந்து உருமாறிய நைஸ் என்ற பாறை. மேலே கிடப்பது இளையது என்ற கணக்கு அதற்குச் செல்லாது. அதனால்தான் அதை ஃபோமேஷன் என்னாமல் வன்னிக் கொம்ப்ளெக்ஸ் என்கிறார்கள். அதன் வயதுக்குச் சிர்க்கோன் என்ற கனிமத்தின் மணிகளில் யுரேனியம், ஈய விகிதம் பார்க்க வேண்டும். புல்மோட்டை மணலில் இருக்கிறதே, அதே சிர்க்கோன். மன்னார்ப் பக்கத்து, மயோசீன் என்ற புவியியல் காலத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குத் தாராளமாக நிரல் வரையலாம். சாம்பலுக்குப் பதிலாக அதிலுள்ள சிறு கடலுயிர் ஓடுகளை வைத்து வயது சொல்வார்கள்.