ஜெர்மன் சூப் ஏன் கலங்குகிறது, ஏன் பசையாகிறது?

சளி பிடித்தால் ஜெர்மன் வீடுகளில் முதலில் அடுப்பேறுவது கோழி சூப். பார்க்க எளிதுதான், ஆனால் தீயில் கோட்டை விட்டால் சூப் கெட்டது. தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு பொடித்துளிகளாக உடைந்து தண்ணீரோடு கலந்து, தெளிவாக இருக்க வேண்டிய சாறு பால்போலக் கலங்கிவிடும். முட்டையிட்டு ஓய்ந்த கோழியை அங்கே 'சுப்பென்ஹூன்' என்று தனியாகவே விற்கிறார்கள். அதில் ஒன்றரைக் கிலோவை 2.5 லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வரும்போது திரளும் நுரையை எடுத்துவிட்டு, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் மட்டும் எழும்படி தீயைக் குறைத்து இரண்டரை மணி நேரம் விடுங்கள். பிராய்லர் கோழி இதற்கு ஆகாது. சாறில் ருசி இறங்குவதற்குள் கறி நார்நாராகிவிடும்.

கேரட், வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ், செலரிக் கிழங்கு, பார்ஸ்லி சேர்ந்த கட்டுக்கு 'சுப்பென்க்ரூன்' என்று பெயர். கிழங்குக்குப் பதில் செலரித் தண்டைப் போட்டால் அந்த மண்வாசனை வராது. காய்களைக் கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்த்தால் போதும். நூடுல்ஸைத் தனியாக வேகவைத்துக் கிண்ணத்தில் போடுங்கள். சூப்பிலேயே வேகவைத்தால் மாவுச்சத்து இறங்கி மறுபடி கலங்கும்.

தென் ஜெர்மனியின் பவேரியாவில் சூப்பில் போடும் ரவை உருண்டையான 'க்ரீஸ்நோக்கர்ல்' பலருக்கு நடுவில் கல்லாகிவிடுகிறது. வெட்டிப் பார்த்தால் வெளியே பஞ்சு, நடுவில் வேகாத வெள்ளைப் புள்ளி. காரணம், ரவை ஊறவில்லை. கணக்கு எடையில்தான்: முட்டை 50 கிராம் என்றால் வெண்ணெய் 50, ரவை 100. வெண்ணெயும் முட்டையும் அறைச்சூட்டில் இருக்க வேண்டும். ஜில்லென்ற முட்டையை ஊற்றினால் கலவை திரிந்துவிடும். ரவை, உப்பு, ஜாதிக்காய்த் தூள் சேர்த்து 15 நிமிடம் ஊறவிடுங்கள். முதலில் ஒரே ஒரு உருண்டையை உப்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பிரிந்தால் ஒரு ஸ்பூன் ரவை சேர்க்கலாம். மெல்லிய கொதியில் 10 நிமிடம், பிறகு அடுப்பை அணைத்து மூடிவைத்து இன்னும் 10 நிமிடம். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், உருண்டை உப்பி நடுவரை வேகுவது அப்போதுதான்.

உருளைக்கிழங்கு சூப்பை மிக்ஸியில் அடிக்கவே கூடாது. பிளேடு செல்களைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே விட, சூப் போஸ்டர் ஒட்டும் பசையாகிவிடும். பருப்பு மத்தால் பாதியை மசித்து, பாதியைத் துண்டாக விடுங்கள். மார்ஜோரம் என்ற வாசனை இலையை இறக்கும் முன் தூவினால் மணம் நிற்கும்.

தோலோடு முழுசாக இருக்கும் பழுப்புப் பருப்பில் செய்யும் சூப்புக்கு வினிகர் இன்றியமையாதது, ஆனால் பருப்பு முழுக்க வெந்த பிறகே. முன்பே ஊற்றினால் புளிப்பு தோலை இறுக்கிவிடும், பருப்பு வேக வெகுநேரம் ஆகும். 250 கிராம் பருப்புக்கு 2 மேசைக்கரண்டி வினிகர் சரி. புகையிட்ட பன்றி இறைச்சி சேர்த்தால் உப்பையும் கடைசியில் ருசி பார்த்தே போடுங்கள், அந்தக் கறியிலிருந்தே நிறைய இறங்கும். சாசேஜை அடுப்பை அணைத்த பிறகு சூடான சூப்பில் 10 நிமிடம் போட்டு மூடினால் போதும், கொதிக்கவிட்டால் தோல் வெடித்துவிடும்.